சிங்கப்பூர் – நியூயார்க்: வான்வழித் தொலைவும் பயண நேரமும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே எவ்வளவு தொலைவு, எத்தனை மணி நேரப் பயணம் என்று தேடுபவருக்கு ஒவ்வோரிடத்திலும் ஒவ்வோர் எண் கிடைக்கிறது. அவற்றுள் பெரும்பாலானவை தவறல்ல; அவை வெவ்வேறு பொருளை அளக்கின்றன. எந்த எண் எதைச் சொல்கிறது, எந்தத் தேவைக்கு எதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைக் கீழுள்ள பதில்கள் விளக்குகின்றன.

கேள்வி: இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு?

பதில்: பூமியின் வளைந்த பரப்பின் மீது மிகக் குறுகிய வழியாக அளந்தால் ஏறத்தாழ 15,350 கிலோமீட்டர். மைலில் சொன்னால் சுமார் 9,540. விமானிகள் பயன்படுத்தும் கடல் மைலில் சுமார் 8,290. பூமியின் மேல் எந்த இரு இடங்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றுக்கிடையே உள்ள குறுகிய வழி ஏறத்தாழ 20,000 கிலோமீட்டரைத் தாண்ட முடியாது என்பதால், இந்தப் பயணம் சாத்தியமான மிக நீண்ட தொலைவில் நான்கில் மூன்று பங்குக்கும் சற்று அதிகம். நியூயார்க் வட்டாரத்தின் இன்னொரு விமான நிலையமான நுவார்க்குக்குச் செல்வதானாலும் தொலைவு ஏறக்குறைய இதேதான். வேறுபாடு சில கிலோமீட்டர் மட்டுமே.

கேள்வி: ஓர் இணையக் கணிப்பான் 15,340 என்கிறது, இன்னொன்று 15,349 என்கிறது. எது சரி?

பதில்: பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள முழு உருண்டையாக எடுத்துக்கொண்டால் முதல் எண்ணை ஒட்டிய விடை வரும். ஆனால் பூமி துருவங்களில் சற்றே தட்டையானது. நிலநடுக்கோட்டில் அதன் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357 கிலோமீட்டர். இந்தத் தட்டைத்தன்மையையும் கணக்கில் சேர்த்தால் இரண்டாவது எண்ணை ஒட்டிய விடை வரும். பயணிக்கு இந்த ஒன்பது கிலோமீட்டரால் எந்த மாற்றமும் இல்லை. விமானத்துக்கு அது நாற்பது விநாடிக்கும் குறைவான நேரம்.

கேள்வி: இந்தத் தொலைவை நானே கணக்கிட்டுப் பார்க்க முடியுமா?

பதில்: பொதுவாக இரண்டு ஊர்களுக்கிடையே உள்ள தொலைவைக் கணக்கிட முக்கோணவியல் சூத்திரம் வேண்டும். இந்த இரண்டு ஊர்களுக்கு மட்டும் கூட்டலும் பெருக்கலும் போதும் என்பது வியப்பான செய்தி. சாங்கி, கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையை ஒட்டி இருக்கிறது. கென்னடி விமான நிலையம் மேற்குத் தீர்க்கரேகை 73.8 பாகையில் இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 177.8 பாகை. முழு வட்டத்தின் பாதி 180 பாகை என்பதால், ஒன்று பூமியின் ஒரு பக்கம் என்றால் மற்றது ஏறக்குறைய அதற்கு நேர் எதிர்ப்பக்கம். அப்படி எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருக்கும் இரண்டு இடங்களுக்கிடையே குறுகிய வழி, பக்கவாட்டில் சுற்றிப் போவதல்ல. வட துருவத்தின் மேலாகப் போவது.

எனவே சாங்கியிலிருந்து துருவம் வரை ஏறி, அங்கிருந்து நியூயார்க் வரை இறங்குவதாக எண்ணிக்கொள்ளலாம். சாங்கியின் அட்சரேகை வடக்கு 1.4 பாகை, அங்கிருந்து துருவத்துக்கு 88.6 பாகை. நியூயார்க்கின் அட்சரேகை வடக்கு 40.6 பாகை, துருவத்திலிருந்து அங்கு இறங்க 49.4 பாகை. ஆக மொத்தம் 138 பாகை. ஒரு பாகைக்கு அறுபது கலை. ஒரு கலைக்கு ஒரு கடல் மைல் என்பதுதான் கடல் மைல் என்ற அளவு பிறந்த விதம். 138-ஐ 60-ஆல் பெருக்கினால் 8,280 கடல் மைல். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர் என்பதால், கிலோமீட்டரில் ஏறத்தாழ 15,335. ஒரு துண்டுக் காகிதத்தில் போட்ட கணக்கு, நுட்பமான கணிப்பானின் விடையிலிருந்து ஆயிரத்தில் ஒரு பங்குதான் விலகுகிறது.

கேள்வி: உலக வரைபடத்தில் சிங்கப்பூரும் நியூயார்க்கும் இடவலமாகத்தானே இருக்கின்றன? வழி ஏன் வடக்கே போகிறது?

பதில்: இந்தக் குழப்பத்துக்கு உருண்டையைத் தட்டையான தாளில் விரித்த வரைபடமே காரணம். சுவர்களில் நாம் காணும் மெர்கேட்டர் வகை வரைபடம், திசைகளைச் சரியாகக் காட்டுவதற்காகத் தொலைவுகளைப் பலி கொடுத்தது. துருவத்தை நெருங்க நெருங்க அதில் எல்லாமே அகன்றுகொண்டே போகும். அந்த வரைபடத்தில் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு அளவுகோல் வைத்துக் கோடு இழுத்து, அந்தக் கோட்டின் மேலேயே ஒரே திசைகாட்டிக் கோணத்தில் ஒரு விமானம் மேற்கு நோக்கிப் பறப்பதாகக் கொண்டால், அது ஏறத்தாழ 18,500 கிலோமீட்டர் பறக்க வேண்டியிருக்கும். தாளில் நேராகத் தெரியும் அந்த வழி, துருவத்தின் பக்கமாகச் செல்லும் உண்மையான குறுகிய வழியைவிட 3,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். நேரத்தில் சொன்னால் ஏறத்தாழ மூன்றரை மணி.

ஐயம் இருப்பவர்கள் ஒரு பூகோள உருண்டையையும் ஒரு நூலையும் எடுத்து, நூலின் இரு முனைகளையும் இரு நகரங்களில் வைத்து இழுத்துப் பார்க்கலாம். நூல் தானாகவே வட துருவத்தின் அருகே போய் நிற்கும். அந்த நூல் காட்டும் வழிக்குத்தான் பெருவட்டப் பாதை என்று பெயர். இந்தப் பாதை துருவத்திலிருந்து 280 கிலோமீட்டர் அளவுக்கு அருகில் செல்கிறது. நியூயார்க்கிலிருந்து சிங்கப்பூருக்குக் கிளம்பும்போது நேர் வடக்கிலிருந்து மூன்று பாகை மட்டும் கிழக்கே சாய்ந்து புறப்பட வேண்டும்.

கேள்வி: அப்படியானால் விமானம் வட துருவத்தின் பக்கமாகத்தான் பறக்கிறதா?

பதில்: பெரும்பாலான நாள்களில் இல்லை. பெருவட்டப் பாதை என்பது கணிதம் தரும் விடை. பறக்கும் பாதையை ஒவ்வொரு நாளும் காற்று, வானிலை, எந்த நாட்டின் வான்வெளி திறந்திருக்கிறது என்ற நிலை, அவசரத்தில் இறங்க அருகில் எந்த விமான நிலையம் இருக்கிறது என்ற விதி ஆகிய எல்லாம் சேர்ந்து முடிவுசெய்கின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018-இல் நுவார்க் சேவையை மீண்டும் அறிவித்தபோது, பயணத் தொலைவு ஏறத்தாழ 16,700 கிலோமீட்டர் என்றே குறிப்பிட்டது. குறுகிய வழிக்கும் இதற்கும் இடையே உள்ள 1,300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேறுபாடுதான் நடைமுறையின் விலை.

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானம் பல நாள்களில் வடகிழக்கே திரும்பி, ஜப்பானை ஒட்டி, வட பசிபிக் பெருங்கடலைக் கடந்து, வட அமெரிக்காவின் மேலாக நியூயார்க்கை அடைகிறது. நியூயார்க்கிலிருந்து திரும்பும் விமானமோ பல நாள்களில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து, ஐரோப்பாவின் மேலாக வந்து, ஆசியாவுக்குள் நுழைகிறது. இரண்டு பயணங்களிலும் அது கிழக்கு நோக்கியே செல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு நகரங்களும் எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருப்பதால் கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் சுற்று ஏறத்தாழ ஒன்றே. அப்படியிருக்க, மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் காற்றை இரு முறையும் முதுகில் வாங்கிக்கொள்வதே இலாபம். இவ்வாறு போய் வரும் பயணி, தாம் அறியாமலேயே உலகத்தை ஒரு முறை முழுவதும் சுற்றி வந்துவிடுகிறார்.

கேள்வி: நீண்ட வழியில் போவது எப்படி இலாபமாகும்?

பதில்: விமானம் தரையின் மீது ஓடுவதில்லை, காற்றுக்குள் மிதந்து முன்னேறுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இது விளங்கும். ஏறத்தாழ 11 கிலோமீட்டர் உயரத்தில், வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 56 பாகை செல்சியஸை ஒட்டி இருக்கும் இடத்தில், ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,060 கிலோமீட்டர். நெடுந்தொலைவு விமானங்கள் அதில் 85 விழுக்காட்டு வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைக் கிழித்துச் செல்கின்றன. அந்தக் காற்றே கிழக்கு நோக்கி மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தால், தரையிலிருந்து பார்ப்பவருக்கு விமானத்தின் வேகம் 1,050 ஆகிவிடும்.

இப்போது கணக்கைப் பார்க்கலாம். பசிபிக் வழியாகச் செல்வதால் 850 கிலோமீட்டர் கூடுகிறது என்று கொண்டால், அதற்காக ஏறத்தாழ 57 நிமிடம் செலவாகும். ஆனால் அந்த வழியில் 8,000 கிலோமீட்டர் நெடுகிலும் மேலே சொன்ன காற்று பின்னிருந்து தள்ளினால், 8 மணி 53 நிமிடம் ஆக வேண்டிய பகுதி 7 மணி 37 நிமிடத்தில் முடியும். மிச்சம் 76 நிமிடம். தொலைவு கூடியும் பயணம் 19 நிமிடம் குறைந்துவிட்டது. குறைந்த நேரத்தோடு எரிபொருளும் குறைகிறது. எனவேதான் பாதை வகுப்பவர்கள் குறைந்த தொலைவைத் தேடுவதில்லை, குறைந்த நேரத்தையும் குறைந்த எரிபொருளையும் தேடுகிறார்கள்.

இந்த வலிய மேலைக் காற்றுக்கு ஜெட் காற்றோட்டம் என்று பெயர். குளிர்காலத்தில் அது வலுவடையும், கோடையில் தளரும்; நாளுக்கு நாள் வளைந்து இடம் மாறும். நேற்றுப் பறந்த பாதை இன்று பயன்படாமல் போவதற்கு அதுவே முதன்மைக் காரணம்.

கேள்வி: போகும்போது காற்று தள்ளும், வரும்போது எதிர்க்கும், இரண்டும் ஈடாகிவிடாதா?

பதில்: ஒரே வழியில் போய் ஒரே வழியில் திரும்பினால் ஈடாகாது, எப்போதும் நட்டமே மிஞ்சும். 6,000 கிலோமீட்டர் தொலைவை மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 6 மணி 40 நிமிடம் ஆகும். 100 கிலோமீட்டர் வேகக் காற்று உதவினால் 6 மணி நேரம். அதே காற்று எதிர்த்தால் 7 மணி 30 நிமிடம். உதவிய காற்று தந்தது 40 நிமிடம், எதிர்த்த காற்று பறித்தது 50 நிமிடம். எதிர்க்காற்றில் விமானம் மெதுவாகச் செல்வதால் அந்தக் காற்றுக்குள் இருக்கும் நேரமும் கூடிவிடுகிறது. வேறுபாட்டுக்கு அதுவே காரணம்.

கேள்வி: பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறதே, மேற்கே பறந்தால் ஊர் நம்மை நோக்கி வந்துவிடாதா?

பதில்: வராது. நிலநடுக்கோட்டில் தரை மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது என்பது உண்மைதான். ஆனால் தரையோடு சேர்ந்து காற்று மண்டலமும் ஓடுபாதையில் நிற்கும் விமானமும் அதே வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கின்றன. ஓடும் ரயிலுக்குள் முன்னும் பின்னும் நடப்பதற்கு ஒரே உழைப்பு தேவைப்படுவதைப் போன்றது இது. சுழற்சி பயண நேரத்தைப் பாதிப்பது மறைமுகமாகத்தான்: ஜெட் காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்காக வீசுவதற்குப் பூமியின் சுழற்சியும் ஒரு காரணம்.

கேள்வி: சரி, பயணம் மொத்தம் எத்தனை மணி நேரம்?

பதில்: இடையில் எங்கும் நிற்காத விமானத்துக்கு, இரு திசைகளிலும் அட்டவணை நேரம் 18 மணிக்கும் 19 மணிக்கும் இடையே இருக்கிறது. பருவத்துக்கு ஏற்ப அது சில பத்து நிமிடங்கள் கூடிக் குறையும். பயணச்சீட்டில் உள்ள நேரத்தையே இறுதியானதாகக் கொள்ள வேண்டும்.

கேள்வி: அட்டவணையில் 18 மணி 40 நிமிடம் என்று இருந்தது, ஆனால் வானில் இருந்தது 18 மணி நேரம்கூட இல்லை. ஏன்?

பதில்: அட்டவணை நேரம் என்பது, விமானம் புறப்படும் வாயிலிலிருந்து நகரத் தொடங்கும் கணத்திலிருந்து, சேருமிடத்தின் வாயிலில் வந்து நிற்கும் கணம் வரை உள்ள நேரம். சக்கரம் தரையை விட்டு எழும்பியதிலிருந்து மீண்டும் தரையைத் தொடும் வரை உள்ள நேரம் வேறு. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, முன்னால் நிற்கும் விமானங்களுக்குப் பின்னால் காத்திருப்பது, இறங்கிய பின் வாயிலைத் தேடிச் செல்வது எல்லாம் முதல் கணக்கில் சேரும், இரண்டாவதில் சேராது. நெரிசல் மிகுந்த கென்னடி விமான நிலையத்தில் மாலை வேளைகளில் தரையில் மட்டும் அரை மணிக்கு மேல் கழிவது புதிதல்ல.

இதோடு, நிறுவனங்கள் அட்டவணையில் சிறிது தளர்வும் வைக்கின்றன. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் கணக்கில், குறித்த நேரத்துக்குப் பின் 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் அது சரியான நேரத்தில் வந்த விமானம். எனவே 'முன்னதாகவே வந்துவிட்டோம்' என்ற அறிவிப்பு, நல்ல காற்றினாலும் இருக்கலாம், முன்கூட்டியே வைத்த தளர்வினாலும் இருக்கலாம். வரவேற்க வருபவர்கள் அட்டவணையை மட்டும் நம்பாமல், விமானம் தரையைவிட்டுக் கிளம்பிய பின் அதன் எண்ணைக் கொண்டு எதிர்பார்க்கும் நேரத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. வானில் இருக்கும் விமானத்துக்குச் சொல்லப்படும் நேரம், அன்றைய காற்றை அறிந்து சொல்லப்படுவது.

கேள்வி: பயணச்சீட்டில் நண்பகல் 12 மணிக்குப் புறப்பாடு, அதே நாள் மாலை 6:40-க்கு வருகை என்று இருக்கிறது. 6 மணி 40 நிமிடத்தில் எப்படிப் போக முடியும்?

பதில்: பயணச்சீட்டில் உள்ள இரண்டு நேரங்களும் இரண்டு வெவ்வேறு ஊர்களின் உள்ளூர் நேரங்கள், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது பயண நேரம் அல்ல. சிங்கப்பூர், ஒருங்கிணைந்த உலக நேரத்தைவிட 8 மணி முன்னால் இருக்கிறது. நியூயார்க் குளிர்காலத்தில் 5 மணி பின்னாலும், கோடைக்கால நேரம் (கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைக்கும் ஏற்பாடு) நடப்பில் இருக்கும்போது 4 மணி பின்னாலும் இருக்கிறது. ஆகவே இரண்டுக்கும் இடையே கோடையில் 12 மணி, குளிர்காலத்தில் 13 மணி வேறுபாடு.

தவறில்லாமல் கணக்கிட ஒரே வழி, முதலில் புறப்படும் ஊரின் கடிகாரத்திலேயே முழுப் பயணத்தையும் ஓட்டி முடித்துவிட்டு, அதன் பிறகு நேரத்தை மாற்றுவது. திங்கள் நண்பகல் 12 மணிக்குச் சிங்கப்பூரில் கிளம்பி 18 மணி 40 நிமிடம் பறந்தால், சிங்கப்பூர்க் கடிகாரத்தில் செவ்வாய் காலை 6:40. கோடையில் 12 மணி கழித்தால் நியூயார்க்கில் திங்கள் மாலை 6:40. குளிர்காலத்தில் 13 மணி கழித்தால் திங்கள் மாலை 5:40. திரும்பும்போது கூட்ட வேண்டும்: நியூயார்க்கில் வெள்ளி இரவு 10:30-க்குக் கிளம்பி 18 மணி 50 நிமிடம் பறந்தால், அந்த ஊர்க் கடிகாரத்தில் சனி மாலை 5:20, 12 மணி கூட்டினால் சிங்கப்பூரில் ஞாயிறு காலை 5:20.

தேதி விஷயத்தில் பலர் தவறுவது இந்தத் திரும்பும் பயணத்தில்தான். வெள்ளி இரவு கிளம்பினால் சனிக்கிழமை போய்ச் சேர்ந்துவிடலாம் என்று எண்ணித் தங்குமிடத்தையும் வேலையையும் குறித்துவிடுகிறார்கள். ஆனால் சேர்வது ஞாயிறு விடியற்காலையில். பயணச்சீட்டில் வருகை நேரத்துக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் '+2' என்று இருப்பது இதையே குறிக்கிறது. புறப்பட்ட நாளுக்கு இரண்டு நாள் கழித்து என்பது அதன் பொருள்.

கேள்வி: இந்த ஒரு மணி நேர மாற்றம் எப்போது நிகழ்கிறது?

பதில்: அமெரிக்காவில் கோடைக்கால நேரம் மார்ச் மாத இரண்டாவது ஞாயிறன்று தொடங்கி, நவம்பர் மாத முதல் ஞாயிறன்று முடிகிறது. சிங்கப்பூர் தன் கடிகாரத்தை மாற்றுவதில்லை. சிங்கப்பூர் அமைந்துள்ள தீர்க்கரேகையை மட்டும் பார்த்தால் அதன் நேரம் உலக நேரத்தைவிட ஏறத்தாழ 7 மணி முன்னால் இருந்திருக்க வேண்டும். 1982-ஆம் ஆண்டு பிறந்தபோது அரை மணி முன்னே தள்ளி வைக்கப்பட்டு இப்போதைய 8 மணிக்கு வந்தது. நியூயார்க்கோடு கோடையில் மிகச் சரியாக 12 மணி வேறுபாடு அமைந்திருப்பது இதனால்தான். அந்த மாதங்களில் முட்களைத் தொடவே வேண்டாம். பகலை இரவாகவும் இரவைப் பகலாகவும் மாற்றிப் படித்தால் போதும்.

கேள்வி: பசிபிக் வழியாகப் போனால் பன்னாட்டுத் தேதிக்கோட்டைத் தாண்டுகிறோம், அட்லாண்டிக் வழியாகப் போனால் தாண்டுவதில்லை. வந்து சேரும் தேதி மாறாதா?

பதில்: மாறாது. எந்த வழியாக வந்தாலும் நியூயார்க்கில் அந்தக் கணத்தில் என்ன நாள், என்ன நேரமோ அதுதான். கிழக்கே செல்லும்போது ஒவ்வொரு நேர மண்டலத்திலும் ஒரு மணி முன்னே தள்ளிக்கொண்டே போய், தேதிக்கோட்டில் ஒரு முழு நாளைக் கழிக்கிறோம். மேற்கே செல்லும்போது ஒவ்வொரு மண்டலத்திலும் ஒரு மணி பின்னே தள்ளுகிறோம். இரண்டும் ஒரே விடையில் முடியும்.

ஆனால் கிழக்காகவே போய்க் கிழக்காகவே திரும்பி வந்தவர், ஊரில் இருந்தவர்களைவிட ஒரு சூரிய உதயத்தைக் கூடுதலாகக் கண்டிருப்பார். இதற்கு எதிரான அனுபவம் 1522-இல் பதிவாகியிருக்கிறது: மகெல்லனின் பயணத்தில் எஞ்சிய கப்பல் மேற்காகவே உலகைச் சுற்றிவந்து கேப் வெர்டே தீவுகளை அடைந்தபோது, நாள் தவறாமல் குறிப்பெழுதி வந்த பிகாஃபெட்டாவின் கணக்கில் அன்று புதன், தீவில் இருந்தவர்களுக்கு வியாழன். அவர் எண்ணியதில் பிழை இல்லை. சுற்றி வந்த வழி ஒரு நாளை எடுத்துக்கொண்டுவிட்டது.

கேள்வி: வான்வெளி மூடப்படுவது பயண நேரத்தை எவ்வளவு மாற்றும்?

பதில்: காற்றைவிட அதிகமாகவே மாற்ற முடியும். 2022 பிப்ரவரி இறுதியில் உக்ரைன் போரைத் தொடர்ந்து ஐரோப்பிய நாடுகளும் அமெரிக்காவும் கனடாவும் ரஷ்ய விமானங்களுக்குத் தங்கள் வானை மூட, ரஷ்யாவும் அவர்களுக்குத் தன் வானை மூடியது. அதற்குமுன் ஏறத்தாழ ஒன்பது, பத்து மணி நேரத்தில் முடிந்த ஹெல்சிங்கி – டோக்கியோ பயணம், சுற்றுவழியால் 13 மணி நேரத்தை எட்டியது. சிங்கப்பூர் – நியூயார்க் பெருவட்டப் பாதை சீனா, மங்கோலியா, சைபீரியா வழியாகத் துருவத்தை நோக்கிச் செல்வது என்பதால், அந்த வான்வெளியைத் தவிர்க்கும் நிறுவனத்துக்குக் குறுகிய வழி முற்றிலும் அடைபடுகிறது. பசிபிக், அட்லாண்டிக் என்ற இரு பக்க வழிகளும் ஏறக்குறைய சம நீளமாக அமைந்திருப்பது இந்த இரண்டு நகரங்களுக்கு வாய்த்த நற்பேறு. நடுவழி மூடினாலும் சேவை நிற்க வேண்டியதில்லை.

கேள்வி: துருவப் பகுதியில் பறப்பதற்குத் தனி விதிகள் உண்டா?

பதில்: உண்டு. இரண்டு எஞ்சின் விமானம், ஓர் எஞ்சின் நின்றுபோனால் குறிப்பிட்ட நேரத்துக்குள் அடையக்கூடிய விமான நிலையம் இருக்கும் வகையில்தான் பாதையை வகுக்க வேண்டும். இந்தத் தடத்தில் பறக்கும் ஏர்பஸ் ஏ350 வகை விமானத்துக்கு 370 நிமிடம் வரை அனுமதி பெற இயலும் என்பதால் அதற்குத் தடையான இடங்கள் மிகக் குறைவு. எரிபொருளின் குளிர்ச்சி இன்னொரு கவலை: உலகின் பெரும்பகுதியில் நிரப்பப்படும் ஜெட் ஏ-1 எரிபொருள் சுழியத்துக்குக் கீழே 47 பாகை வரை உறையாது, அமெரிக்காவில் பரவலாக உள்ள ஜெட் ஏ எரிபொருளுக்கு அந்த எல்லை 40 பாகை. ஆகவே நியூயார்க்கில் எரிபொருள் நிரப்பிக் கிளம்பும் விமானத்தின் பாதையை வகுப்பவர், துருவத்தின் குளிரைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். சூரியப் புயல் வீசும் நாள்களில் துருவத்தருகே வானொலித் தொடர்பு தடைபடக்கூடும் என்பதாலும் பாதை தெற்கே தள்ளப்படுகிறது.

கேள்வி: 19 மணி நேரம் நிற்காமல் பறக்க எல்லா விமானங்களாலும் முடியாதா?

பதில்: முடியாது. இந்தச் சேவைக்காகவே ஏ350-900 யுஎல்ஆர் (மிக நெடுந்தொலைவு) என்ற தனி வகையை ஏர்பஸ் உருவாக்கியது. அதன் எரிபொருள் கொள்ளளவு 1,65,000 லிட்டர். ஒரு லிட்டரின் எடை ஏறத்தாழ 0.8 கிலோ என்று கொண்டால் முழுக் கொள்ளளவு 132 டன். விமானம் மேலெழும்ப அனுமதிக்கப்படும் உச்ச எடையே 280 டன்தான் என்பதால், அதில் பாதிக்குச் சற்றே குறைவான எடை எரிபொருளாகவே இருக்க முடியும். அந்த எரிபொருளில் கணிசமான பகுதி, பின்னால் எரிக்கப்போகும் எரிபொருளைச் சுமப்பதற்காகவே எரிகிறது. நெடுந்தொலைவுப் பறத்தலின் அடிப்படைச் சிக்கல் இதுதான்: தொலைவு கூடக் கூட, ஒவ்வொரு கூடுதல் கிலோமீட்டரும் முந்தையதைவிட விலை உயர்ந்ததாகிறது. எனவே எடையைக் குறைக்க, சரக்கு அறையின் முன்பகுதி பயன்படுத்தப்படுவதில்லை. இருக்கைகளும் 161 மட்டுமே. சாதாரண எகானமி வகுப்பு இல்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் வழக்கமான நெடுந்தொலைவு ஏ350-இல் 253 இருக்கைகள் உண்டு என்பதோடு ஒப்பிட்டால், தொலைவுக்காக எவ்வளவு விட்டுக்கொடுக்கப்படுகிறது என்பது தெரியும்.

இந்தத் தடத்தின் வரலாறும் அதையே சொல்கிறது. 2004-இல் நான்கு எஞ்சின் கொண்ட ஏ340-500 விமானத்தில் நுவார்க்குக்கு இடைநில்லாச் சேவை தொடங்கியது. எரிபொருள் செலவு தாங்காமல் 2013 நவம்பரில் நின்றது. இரண்டே எஞ்சின்களில் அதே தொலைவைக் கடக்கும் விமானம் வந்த பின், 2018 அக்டோபர் 11 அன்று மீண்டும் தொடங்கியது. கென்னடி விமான நிலையத்துக்கான இடைநில்லாச் சேவை 2020 நவம்பர் 9 அன்று தொடங்கி, நுவார்க் சேவையைச் சில கிலோமீட்டரில் முந்தி, உலகின் மிக நீண்ட பயணிகள் சேவை என்ற இடத்தைப் பிடித்தது.

கேள்வி: ஓரிடத்தில் நின்று போனால் எவ்வளவு நேரம் கூடும்?

பதில்: தொலைவு அதிகம் கூடாது, நேரம் கூடும். ஃபிராங்ஃபர்ட் வழியாகப் போனால் முதல் பறத்தல் ஏறத்தாழ 10,270 கிலோமீட்டர், இரண்டாவது 6,190, மொத்தம் 16,460. டோக்கியோ நரிதா வழியாகப் போனால் ஏறத்தாழ 5,350-உம் 10,830-உம் சேர்ந்து 16,180. நேர்வழியைவிட 5 முதல் 7 விழுக்காடுதான் அதிகம். இடைநில்லா விமானமே நடைமுறையில் பறக்கும் தொலைவோடு ஒப்பிட்டால் இந்த வேறுபாடும் மறைந்துவிடுகிறது. ஆனால் இறங்குவது, மறுபடி ஏறுவது, தரையில் காத்திருப்பது ஆகியவற்றால் மொத்தப் பயணம் 22 மணி நேரத்திலிருந்து ஒரு முழு நாள் வரையோ, இணைப்பு விமானம் அமையும் விதத்தைப் பொறுத்து அதற்கு மேலும் போகலாம்.

இணைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, இரண்டு பறத்தல்களும் ஒரே பயணச்சீட்டில் இருப்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஒரே சீட்டாக இருந்தால், முதல் விமானம் தாமதித்து அடுத்ததைத் தவறவிட்டாலும் வேறு விமானத்தில் அனுப்பிவைப்பது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக வாங்கிய சீட்டுகளில் அந்தப் பொறுப்பு பயணியின் தலையில் விழுகிறது. பெட்டிகளை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டியும் வரலாம். அதற்கு நடுவழி நாட்டின் விசா தேவைப்படலாம். சேமித்த பணத்தைவிட இழந்த பணம் அதிகமாகிவிடும் இடம் இது.

கேள்வி: அடிக்கடி பறப்பவர்களுக்கு விமான நிறுவனங்கள் தரும் வாடிக்கையாளர் மைல்களுக்கு எந்தத் தொலைவு கணக்கில் கொள்ளப்படும்?

பதில்: தொலைவை வைத்து மைல் வழங்கும் திட்டங்களில், இரு விமான நிலையங்களுக்கிடையே உள்ள குறுகிய தொலைவுதான். அன்று விமானம் எத்தனை சுற்றிப் பறந்தது என்பது கணக்கில் வராது.

கேள்வி: வீட்டிலிருந்து வீடு வரை மொத்தம் எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

பதில்: பன்னாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் இருப்பதாகவும், சேர்ந்த பின் குடிநுழைவு, பெட்டி, சுங்கம் எல்லாம் முடிந்து வெளியே வர ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆவதாகவும், இரு ஊர்களிலும் சாலைப் பயணத்துக்கு ஒவ்வொரு மணி நேரமாகவும் கொண்டால், இடைநில்லாப் பயணத்துக்கே 24 முதல் 26 மணி நேரம் ஆகும். வந்திறங்கிய மூன்று, நான்கு மணி நேரத்தில் முக்கியமான வேலை எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றே சொல்வேன்.

முதியவர்களை அனுப்பிவைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து செய்யும் எந்தப் பயணத்திலும் கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. நலமான ஒருவருக்கு அந்த அபாயம் சிறியதே, சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவில்தான். ஆயினும் ஏற்கெனவே இரத்த உறைவு வந்தவர்களும் அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் 19 மணி நேர விமானத்தைப் பதிவுசெய்ய வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு, மொத்த நேரம் கூடினாலும், நடுவில் இறங்கி நடக்க வாய்ப்புள்ள ஃபிராங்ஃபர்ட் அல்லது டோக்கியோ வழியே பொருத்தமாக அமையலாம்.